206 எலும்பு தெரிந்த பெடியனும் அம்மாவின் சுட்ட கையும்

கேள்வி: அக்கா, நான் முத்தையன்கட்டுப் பக்கம், வயது 24. எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு விழாவுக்கு மனித உடலும் சுகாதாரமும் பற்றி ஒரு பொது அறிவுப் போட்டி வைத்தோம். வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்து 40 கேள்வி எடுத்தேன். 10ஆம் ஆண்டுப் பெடியன் ஒருவன் 38 சரியாகச் சொல்லி முதலாவதாக வந்தான். இப்போது நாலு நாளுக்கு முன் அவனுடைய அம்மாவின் கையில் கொதிக்கஞ்சி ஊற்றுப்பட்டுவிட்டது. அவன்தான் ஓடிப்போய்ப் பற்பசை எடுத்துப் பூசியிருக்கிறான். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் வைத்த கேள்விகளே பிழையா? தைப்பொங்கலுக்கு இன்னொரு போட்டி இருக்கிறது, பெரியவர்களும் வருகிறார்கள். என்ன கேட்பது? அதோடு, நாளத்தில் ஓடுகிற இரத்தம் நீலம் என்று ஒரு ஐயா என்னோடு சண்டையே பிடித்துவிட்டார். யார் சரி?

பதில்:

தங்கச்சி, சின்னதை முதலில் முடிப்போம். மனித இரத்தம் எந்தக் குழாயிலும் நீலம் இல்லை. இத்தனை வருடத் தாதி வேலையில் எத்தனை பேருக்கு ஊசி குத்தி இரத்தம் எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, நாளத்திலிருந்து சிரிஞ்சுக்குள் ஏறுகிற இரத்தம் எப்போதும் கருஞ்சிவப்புத்தான். நாடியில் ஓடுவதில் ஒட்சிசன் கூட, அதனால் அது பளிச்சென்ற சிவப்பு. தோலுக்குள்ளால் போய்த் திரும்பி வருகிற வெளிச்சம் கண்ணுக்கு அப்படிக் காட்டுவதால்தான் கையில் நாளம் நீலமாகத் தெரிகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாடிக்குச் சிவப்பும் நாளத்துக்கு நீலமும் அடித்திருப்பது பிரித்துக் காட்டுவதற்காக. ஐயா அந்தப் படத்தைத்தான் மனதில் வைத்திருப்பார். அவரோடு கோபிக்க வேண்டாம், அடுத்த போட்டிக்கு அவரிடம்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, பெடியன். உங்கள் கேள்விகள் பிழை இல்லை. வளர்ந்தவருக்கு 206 எலும்பு, உடம்பில் பெரிய உறுப்பு தோல், எல்லாம் உண்மைதான். ஆனால் "பெரிய உறுப்பு எது" என்று கேட்டு, "தோல்" என்று அவன் சொன்னதும் ஒரு புள்ளி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்தத் தோல் சுட்டால் உள்ளே என்ன நடக்கும் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து பானையை இறக்கிவைத்த பிறகும் உள்ளே சோறு கொஞ்ச நேரம் வெந்துகொண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கொதிக்கஞ்சி பட்ட கையும் அப்படித்தான். கஞ்சியைத் துடைத்த பிறகும் சூடு தோலின் உள் அடுக்குகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பற்பசையால் முடியாது, அது சூட்டை உள்ளுக்குள் மூடிவைத்து, புண்ணையும் எரிச்சலாக்கும், பிறகு வைத்தியசாலையில் நாங்கள் அதைச் சுரண்டிக் கழுவும்போது அந்தப் பிள்ளைகள் கத்துகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் பிறகு பற்பசை டியூப்பைத் தொடமாட்டார்கள். சுட்ட உடனே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, கிணற்றடியில் இருந்து 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கூடாது. சுட்டு 3 மணித்தியாலம் வரைக்கும்கூட இந்தத் தண்ணீர் பயன் தரும். பிறகு சுத்தமான துணியால் மெதுவாக மூடிக்கொண்டு வைத்தியசாலைக்கு.

ஆக அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: "அம்மாவின் கையில் கொதிக்கஞ்சி ஊற்றுப்பட்டுவிட்டது. முதல் 20 நிமிடம் என்ன செய்வாய், ஏன்?" இந்த "ஏன்" இல்லாமல் ஒரு கேள்வியும் வைக்காதீர்கள். காரணம் விளங்கிய பிள்ளை பதற்றத்திலும் சரியாகச் செய்யும், சொல்லைப் பாடமாக்கிய பிள்ளை பதற்றத்தில் பக்கத்து வீட்டு மாமி சொல்வதைத்தான் செய்யும்.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் தினமும் பார்க்கிற எண்களைக் கேளுங்கள் என்கிறேன். உங்கள் ஊரில் அரைவாசி வீட்டில் கிளினிக் கொப்பி இருக்கும். அதில் 160/100 என்று எழுதியிருக்கும், அந்த அம்மா தனக்குத் தலையிடி ஒன்றும் இல்லை, சுகமாகத்தான் இருக்கிறேன் என்று பிரஷர்க் குளிசையை நிறுத்திவிட்டிருப்பார். மேலே உள்ள எண் இதயம் சுருங்கும்போது குழாயில் இருக்கிற அமுக்கம், கீழே உள்ளது இதயம் தளரும்போது இருக்கிற அமுக்கம், 120/80 அளவில் இருக்க வேண்டியது திரும்பத் திரும்ப 140/90ஐத் தாண்டினால் அது வருத்தம், நோவோ தலையிடியோ இல்லாமலே அது மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். சீனி வருத்தமும் அதே மாதிரி, வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவுதான், "சீனி கொஞ்சம்தான் கூடியிருக்கு" என்று ஒன்று இல்லை. அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, பெயர் ஊர் ஒன்றும் இல்லாமல், "இந்த ஆளுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அம்மம்மாவின் கொப்பியைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், எங்கள் பகுதிக்கு அது தேவை. காரணம் சரியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் எத்தனை கமக்காரரைச் சாய்த்தது என்று எல்லோருக்கும் தெரியும், வவுனியாவிலும் அது இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் நாரியைத் தொட்டுக் காட்டுவார்கள். வயல் வேலையில் நாரி நொந்தால் "கிட்னி போய்விட்டது" என்று பயந்து ஓடி வருகிறவர்களையும், ஒரு நோவும் இல்லாததால் பத்து வருடம் சீனிக்கு மருந்து எடுக்காமல் இருந்து உண்மையிலேயே சிறுநீரகம் பழுதானவர்களையும் நான் ஒரே நாளில் ஒரே வாங்கில் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் நாரிக்கு மேலே, முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புகள் மூடுகிற இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் பொத்திய கை அளவு. பழுதாகத் தொடங்கும்போது பெரும்பாலும் நோகாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினினை இரத்தத்தில் பார்த்தால்கூட, சிறுநீரகத்தின் வேலையில் பாதி போகும் வரை அது சாதாரண அளவிலேயே நிற்கக்கூடும், அதனால்தான் சிறுநீரில் புரதம் போகிறதா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

இதற்கு ஒரு வேலை செய்யலாம். இரண்டு உரப்பையை வெட்டி விரித்துத் தைத்து நிலத்தில் போடுங்கள், ஒரு பிள்ளையை அதில் படுக்கவைத்துக் கரித்துண்டால் சுற்றிக் கோடு போடுங்கள். பிறகு மட்டையில் வெட்டிய இதயம், ஈரல், இரைப்பை, சிறுநீரகம் எல்லாவற்றையும் கொடுத்து, ஒவ்வொருவராக வந்து வைக்கச் சொல்லுங்கள். இரைப்பையைத் தொப்புளில் வைப்பார்கள், அது உண்மையில் இடது விலாவின் கீழே. இதயத்தை இடது ஓரத்தில் கொண்டுபோய் வைப்பார்கள், அது நடுவில் இருந்து சற்று இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. பெரியவர்களையும் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள், எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிறவரும் இதில் கூச்சமில்லாமல் சேருவார். அது முடிந்ததும் இந்த ஒரு கேள்வி: "இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளுக்கு 180 லீற்றர் வடிக்கிறது, ஆனால் நாங்கள் போகிற சிறுநீர் ஒன்றரை லீற்றர் அளவுதான், மீதி எங்கே போனது?" யோசிக்க விடுங்கள், அவசரப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். உடம்பு அந்த நீரைத் திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. உடம்பில் இருப்பதே 5 லீற்றர் அளவு இரத்தம், அதில் நீர்ப்பகுதி 3 லீற்றர், அப்படியென்றால் அதே நீர் ஒரு நாளில் 60 தடவை வடிபடுகிறது என்று ஒரு பிள்ளை தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

தெரிவுக் கேள்வி வைப்பதென்றால், இப்போது அந்த ஐயாவிடம் வருவோம். வழிகாட்டிப் புத்தகங்களில் ஒரு சரியான விடையும், யாரும் நம்பாத மூன்று விடையும் இருக்கும். அதில் சரியானதைப் பிடிப்பதற்கு அறிவு தேவையில்லை. பிழையான தெரிவுகளை ஊருக்குள்ளே இருந்து எடுங்கள். ஐயா, ஆச்சி, கடைக்கார அண்ணை எல்லோரிடமும் போய், வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், நாய் கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து தெரிவாகப் போடுங்கள். வலிப்புக்குக் கையில் திறப்புக் கொடுப்பது என்று ஒன்று கட்டாயம் வரும். உண்மையில் செய்ய வேண்டியது ஆளை ஒரு பக்கம் சரித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் திணிக்காமல், நேரத்தைப் பார்ப்பது, 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990க்கு அடிப்பது. அந்த அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை, ஆனால் இலக்கம் தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நாய் கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்குப் போவது. "தெரியாது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்பதையும் ஒரு தெரிவாக வைத்து அதற்கு ஒரு புள்ளி கொடுங்கள், சரியான விடைக்கு மூன்று, பிழைக்கு ஒன்றும் இல்லை. உடம்பு விஷயத்தில் தெரியாது என்று சொல்கிறவரால் ஆபத்துக் குறைவு.

பாம்புக்கடி இல்லாமல் வன்னியில் ஒரு போட்டி வைக்கவே கூடாது. "எந்தப் பாம்பு விஷம்" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஒரு முறை இரவு வேலையில் இருந்தபோது வயலில் புடையன் கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள், முழங்காலுக்குக் கீழே சைக்கிள் ரியூப்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார்கள், பாதம் கறுத்து வீங்கி, தொட்டால் குளிர்ந்து இருந்தது. கட்டினவர் அவருடைய சொந்தத் தம்பி, அன்பினால்தான் கட்டினார். நாங்கள் கையில் இருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தோம். அது ஒரு எளிய பரிசோதனை, கரண்ட் இல்லாத இடத்திலும் செய்யலாம். 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சரித்தால் நல்ல இரத்தம் கட்டியாகி அடியிலேயே நிற்கும். அவருடையது தண்ணீர் மாதிரி ஓடியது. புடையனின் விஷம் இரத்தத்தை உறையவைக்கிற பொருட்களை எல்லாம் தின்று தீர்த்துவிடுகிறது என்பதைத் தம்பி அந்தக் குழாயில் கண்ணால் பார்த்தார். விஷமுறிவு மருந்து ஏற்றி அவர் பிழைத்தார், ஆனால் ரியூப் கட்டிய காலில் தசை செத்து, அது ஆற மாதக்கணக்கானது.

கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் நோவும் இல்லை, வீக்கமும் இல்லை, விடிய எழும்பும்போது வயிறு வலி, கண்மடல் தூக்க முடியாது. "கடி வீங்கவில்லை என்றால் விஷம் இல்லை, சரியா பிழையா, ஏன்?" இந்த ஒரு கேள்வியே போதும், அரை மணித்தியாலம் கதைக்கலாம். கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே வைத்தியசாலை. பரியாரியாரிடம் நம்பிக்கை உள்ள குடும்பமாக இருந்தால் அவர்களை அவமதிக்காமல், விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்து காட்டுகிற கேள்வி ஒன்றாவது இருக்கட்டும். மேசையில் ஒரு ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் சீனியும் கலந்த தூள்), ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல், ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், ஒரு கோப்பை. "தம்பிக்கு வயிற்றோட்டம், கரைத்துக் காட்டு." பலர் கோப்பைக்குள் கொஞ்சம் கொட்டிக் கலக்குவார்கள். முழுப் பக்கற்றும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து, தண்ணீர் கூடினால் போதிய உப்பும் சீனியும் உள்ளே போகாது.

காய்ச்சலில் ஒரே ஒரு கேள்வி வைப்பதென்றால் நான் இதை வைப்பேன்: "டெங்குக் காய்ச்சல்காரருக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லையா?" பயம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், வயிறு வலி, வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு மணித்தியாலமும் வீட்டில் நிற்கக்கூடாது. நோவுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு ஒன்றும் கொடுக்கவும் கூடாது. எலிக்காய்ச்சலையும் சேர்க்கலாம், 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான், வயலில் இறங்குமுன் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை கேட்கலாம் என்பது தெரியாத கமக்காரர் இன்னும் நிறைய. மலேரியா இலங்கையில் இல்லை என்று 2016 செப்டெம்பரில் சான்று கிடைத்தது, ஆனால் அந்த நுளம்பு எங்கேயும் போகவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் இருக்கிற பகுதிக்கு இரண்டு கேள்வி எனக்கு முக்கியம். பிள்ளை ஆணா பெண்ணா என்பது யாருடைய உயிரணுவால் தீர்மானமாகிறது? தகப்பனுடையதால். பெண்பிள்ளையாகவே பெறுகிறாள் என்று மருமகளைக் குத்துகிற வாய்கள் இருக்கிற கூட்டத்தில் இதை உரத்துக் கேளுங்கள்.

மற்றது, எங்கள் மண்ணுக்கே உரியது. "இல்லாத காலில் வலிக்குமா?" மிதிவெடியிலும் செல்லிலும் கால் போன எத்தனை பேர் எங்களோடு இருக்கிறார்கள். கிளினிக்கில் ஒருநாள் ஒரு ஐயா, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, இரவில் அந்தக் காலின் பெருவிரல் மடங்கி இழுக்கிறது பிள்ளை, நிமிர்த்த முடியவில்லை என்றார். பத்து வருடமாக மனைவிக்கும் சொல்லவில்லை, விசர் என்று நினைப்பார்களோ என்ற பயம். அது விசர் இல்லை, மூளையில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இடம் இருக்கிறது, கால் போனாலும் அந்த இடம் போகாது, வெட்டுப்பட்ட நரம்பிலிருந்தும் செய்தி போய்க்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில், நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத பக்கம் அசைகிறது என்று மூளைக்குத் தெரியவைக்கிற பயிற்சியைக் கொண்டுவந்தார், சிலருக்கு அதனால் வலி குறைகிறது, மருந்தும் இருக்கிறது. அதே மூச்சில், உடம்புக்குள் செல் துண்டு இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதையும் கேளுங்கள், அந்த இயந்திரம் பெரிய காந்தம், கண்ணுக்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் மிக ஆபத்து. எக்ஸ்ரேக்கு அந்தப் பயம் இல்லை. ஒன்று மட்டும் கவனம், இதைப் போட்டியாக, புள்ளி போட்டுக் கேட்க வேண்டாம். கால் இழந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் முதல் நாளே அவரிடம் போய், இப்படி ஒன்று கதைக்கப்போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அவரே எழும்பிச் சொல்ல விரும்பினால் நீங்கள் பேசாமல் இருந்து கேளுங்கள்.

40 கேள்வி வேண்டாம், 12 போதும். எழுதி முடித்ததும் உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஒருமுறை காட்டுங்கள், எனக்கும் அனுப்பலாம். முதலாவதாக வந்த பெடியனைக் கேள்வி கேட்கிற பக்கம் உட்காரவையுங்கள், சுட்ட கைக் கேள்வியை அவனே கேட்கட்டும், அவனைக் குற்றவாளி ஆக்கிவிடாமல்.

அந்த அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கஞ்சி ஊற்றி நாலு நாள் என்றால், கொப்புளம் உடைந்து மணக்கிறதா, சுற்றிச் சிவந்து பரவுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, விரல்களை முழுதாக மடக்கி நீட்ட முடிகிறதா என்று இன்று பின்னேரமே போய்ப் பாருங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, ஏற்பு ஊசி போட்டாரா என்றும் கேளுங்கள். இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால் நாளை காலையில் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.